இரண்டு ஆண்டு முன்பணம் கேட்கும் தொலைபேசி நிறுவனம்

கேள்வி: மதுரை விளக்குத்தூண் அருகே சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்கிறேன். பழைய தரைவழி இணைப்புகளை விட்டுவிட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறும்படி ஒரு தனியார் நிறுவனம் கேட்கிறது. இரண்டு ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் பெரிய தள்ளுபடியும் உண்டாம். அதுவரை அந்த நிறுவனம் நிலைத்திருக்குமா என்று எப்படி அறிவது?
- வாசகர், மதுரை

பதில்: முதலில் அந்தத் தள்ளுபடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கையில் பணம் இல்லாத நிறுவனத்துக்கு வாடிக்கையாளரின் முன்பணம் வட்டியில்லாக் கடனாகிவிடுகிறது. அமெரிக்காவில் சன்ராக்கெட் என்ற இணையவழித் தொலைபேசி நிறுவனம், ஓராண்டுக் கட்டணமாக 199 டாலரை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு சேவை அளித்து வந்தது. 2007 ஜூலையில் அது திடீரென மூடப்பட்டபோது ஏறத்தாழ 2 லட்சம் வாடிக்கையாளர்கள் இணைப்பை இழந்தார்கள். பலருக்குக் கட்டிய பணமும் போயிற்று. நம் நாட்டிலும் நிறுவனம் திவாலானால், வங்கிகளுக்கும் ஊழியர்களுக்கும் சேர வேண்டியதைக் கொடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் உங்கள் முன்பணத்துக்குப் பங்கு கிடைக்கும். பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை.

நிறுவனத்தின் பெயரை மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். செலுத்தப்பட்ட மூலதனம், கடைசியாக எந்த ஆண்டின் கணக்கு தாக்கலாகியிருக்கிறது என்பன போன்ற விவரங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். மார்ச் மாதக் கணக்கைப் பொதுவாக அக்டோபர் முடிவதற்குள் தாக்கல் செய்துவிட வேண்டும் என்பதால், அதற்குப் பிறகும் ஓராண்டு பழைய கணக்கே கடைசியாக இருந்தால் காரணம் கேளுங்கள். சிறு கட்டணம் செலுத்தி இருப்புநிலைக் குறிப்பைப் பெற்று, அதை உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள். வாடிக்கையாளர்களிடம் வாங்கிய முன்பணத்துக்கு எதிரே வங்கி இருப்பு எவ்வளவு, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பது பற்றித் தணிக்கையாளர் ஐயம் எழுப்பியிருக்கிறாரா என்ற இரண்டையும் அவர் பார்த்துச் சொல்வார். நான் இவற்றினும் கூர்ந்து பார்ப்பது, பிறருக்குக் கொடுக்க வேண்டிய நிலுவை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா என்பதையே. இத்தகைய சிறு நிறுவனங்கள் பல, பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் மொத்தமாக வாங்கிய இணைப்பையே நமக்குச் சில்லறையாக விற்கின்றன. அவர்களுக்குப் பணம் கட்டத் தவறினால், திவால் மனு பதிவாவதற்கு வெகு முன்பே உங்கள் கடைத் தொலைபேசி ஊமையாகிவிடும்.

ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அவர்களுடைய பதிவு எண்ணைக் கொடுத்தால், மாதந்தோறும் கணக்கு தாக்கல் செய்திருக்கிறார்களா என்று எவரும் பார்க்கலாம். தொலைத்தொடர்புத் துறையின் உரிமத்துக்கும் நகல் கேளுங்கள்.

இவ்வளவு பார்த்த பிறகும் உறுதி சொல்ல முடியாது. தமிழகத்தில் வேரூன்றி வளர்ந்த ஏர்செல்லே 2018 பிப்ரவரியில் திவால் மனு செய்தது. ஆயினும் அதன் வாடிக்கையாளர்கள் சிரமப்பட்டேனும் தம் எண்ணுடன் வேறு நிறுவனத்துக்கு மாற முடிந்தது. கைப்பேசி எண்ணுக்கு உள்ள அந்த வசதி தரைவழி எண்ணுக்கு இல்லை. வெளியூர் வியாபாரிகள் பல ஆண்டுகளாக அழைத்துப் பழகிய 0452 எண் போய்விட்டால் அந்த இழப்பு முன்பணத்தைவிடப் பெரிது. ஆகவே மாதக் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டால் மட்டும் சேருங்கள். பழைய இணைப்புகளில் முக்கியமான ஒன்றைச் சரண்டர் செய்யாமல் வைத்திருங்கள். பில் புத்தகத்தில் புதிய எண்ணோடு ஒரு கைப்பேசி எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள்.