கீல் இரண்டு, குழப்பம் ஒன்று: அசையாத அசெம்பிளிகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அம்மா, பாகங்களை வரைந்து ஓர் அசெம்பிளியாக இணைத்துக் காட்டும் கணினி மென்பொருளில் ஒரு பெட்டிக்கு மூடி வரைந்து இரண்டு கீல்கள் பொருத்தினேன். முதல் கீலுக்குச் சுழல் இணைப்பு கொடுத்ததும் மூடி அழகாகத் திறந்தது. இரண்டாவது கீலுக்கும் அதையே கொடுத்தேன், உடனே இறுகிவிட்டது. இணைப்புகள் ஒன்றோடொன்று முரண்படுவதாக மென்பொருள் சொல்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு நான்கு முறை செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

பதில்: முதலில், அழிப்பதை நிறுத்துங்கள். அழித்தால் தடயமும் சேர்ந்து அழிந்துபோகும். உங்களிடம் நல்ல தடயம் இருக்கிறது: ஒரு கீலோடு மூடி திறந்திருக்கிறது.

எதனோடும் சேராமல் தனியே நிற்கும் பாகத்துக்கு 6 வழிகளில் அசைய முடியும். முன்பின், இடவலம், மேல்கீழ் என்று நகர 3. அந்த மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்டு திரும்ப 3. ஒரு சுழல் இணைப்பு இவற்றில் 5 வழிகளை அடைத்து, ஒன்றை, அதாவது அச்சைச் சுற்றித் திரும்புவதை, மட்டும் விட்டுவைக்கிறது. மூடி திறக்க அந்த ஒன்றே போதும். இரண்டாவது கீலைப் போட்டபோது, ஏற்கெனவே அடைபட்ட அதே 5 வழிகளை மறுபடியும் அடைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு கீல்களின் அச்சும் அப்பழுக்கில்லாமல் ஒரே கோட்டில் இருந்தால் மென்பொருள் பொறுத்துக்கொள்ளும். கொஞ்சம் விலகினாலும் மறுத்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இது நேர்ந்தது. மூன்று கீல்கள் கொண்ட ஒரு தடுப்புக் கதவு. இரண்டு நாள் இணைப்புகளையே மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் ஒரு கீல் அச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தேன். பூஜ்யம் வந்திருக்க வேண்டும், 0.1 மி.மீ. வந்தது. நகல் எடுத்த கீலில் துளையின் மையம் விளிம்பிலிருந்து 12 மி.மீ.க்குப் பதிலாக 12.1 என்று இருந்தது. அதே கதவைப் பட்டறையில் செய்து மாட்டியிருந்தால் தாராளமாகத் திறந்திருக்கும். ஏனென்றால் 6 மி.மீ. ஊசி 6.2 மி.மீ. துளைக்குள் இருந்தது, அந்த இடைவெளி என் பிழையை விழுங்கியிருக்கும். மென்பொருளில் இணைப்பு என்பது இரண்டு அச்சுகளை ஒன்றாக்கும் கணக்கு மட்டும்தான். துளையில் இருக்கும் இடைவெளி அந்தக் கணக்கில் வராது.

ஆகவே, இரண்டாவது கீலின் ஓர் இலையை (கீலின் இரண்டு தகடுகளில் ஒன்றை) பெட்டியோடும் மற்றோர் இலையை மூடியோடும் அசையாமல் பிணைத்துவிடுங்கள். இரண்டு இலைகளுக்கும் நடுவே எந்த இணைப்பும் வேண்டாம். முதல் கீல் மூடியைத் திருப்பும், இரண்டாவது கூடவே வரும். பிறகு அச்சுகளின் தூரத்தை அளந்து, பிழை இருந்தால் வரைபடத்தில் திருத்துங்கள். இதைத் தவறவிடாதீர்கள். மூன்றாவதாக ஒரு கீல் வந்தாலோ ஊசியின் இடைவெளி குறைந்தாலோ, நிஜக் கதவே முரண்டு பிடிக்கும்.

இந்த எண்ணிக்கையைப் பழகிக்கொண்டால் மற்ற இடங்களிலும் உதவும். நான்கு தண்டுப் பொறியமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: நான்கு தண்டுகளை முனைக்கு முனை வளையமாக இணைத்து, ஒன்றை அசையாமல் நிறுத்திய அமைப்பு. அசையும் தண்டுகள் 3, அதனால் 18 வழிகள். நான்கு சுழல் இணைப்புகள் 20 வழிகளை அடைக்கின்றன. கணக்குப்படி அது அசையவே கூடாது. நான்கு அச்சுகளும் இணையாக இருப்பதால்தான் அசைகிறது. ஓர் அச்சு அரை டிகிரி சாய்ந்தால் பூட்டிக்கொள்ளும். ஓர் இணைப்பை உருளை இணைப்பாகவும் (அச்சைச் சுற்றித் திரும்பவும் அச்சோடு நகரவும் விடும்) இன்னொன்றைப் பந்து இணைப்பாகவும் (எந்தப் பக்கமும் திரும்ப விடும்) மாற்றிப் பாருங்கள். அடைபடுபவை 5, 5, 4, 3 என்று 17 ஆகும். மீதி ஒன்று, அதுதான் நமக்கு வேண்டிய அசைவு.

கேள்வி: இணைப்பு கொடுத்த பிறகு ஒரு பாகத்தை இழுத்தால் மொத்த அசெம்பிளியும் கூடவே வருகிறது.

பதில்: எதையும் நீங்கள் தரையில் நிறுத்தவில்லை. அடிச்சட்டம் போன்ற ஒரு பாகத்தை நிலைநிறுத்துங்கள். சில மென்பொருள்களில் இதை நீங்களாகச் செய்ய வேண்டும். சாலிட்வொர்க்ஸ் என்ற மென்பொருளில் முதலில் கொண்டுவரும் பாகம் தானாகவே நிலைத்துவிடும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. வேறு மென்பொருளிலிருந்து வந்த கோப்பில் சில நேரம் எல்லாப் பாகங்களுமே நிலைநிறுத்தப்பட்டு வரும். அப்போது எத்தனை இணைப்பு கொடுத்தாலும் ஒன்றும் அசையாது.

கேள்வி: பிடிப்பான் ஒன்றைத் தனிக் கோப்பில் செய்தேன். அங்கே விரல்கள் திறந்து மூடுகின்றன. பெரிய அசெம்பிளிக்குள் கொண்டுவந்தால் கல்லாக நிற்கின்றன. நான் பயன்படுத்துவது சாலிட்வொர்க்ஸ்.

பதில்: உங்கள் இணைப்புகளில் குறையில்லை. துணை அசெம்பிளியை, அதாவது பெரிய அசெம்பிளிக்குள் கொண்டுவந்த சிறிய அசெம்பிளியை, அந்த மென்பொருள் வழக்கமாக ஒரே திடப் பொருளாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதன் பண்புகளைத் திறந்து, ரிஜிட் என்பதை ஃப்ளெக்சிபிள் என்று மாற்றுங்கள். அசைய வேண்டிய துணை அசெம்பிளிக்கு மட்டும் செய்தால் போதும். எல்லாவற்றுக்கும் செய்தால் கணக்கிடும் வேலை பெருகி, கோப்பு மந்தமாகிவிடும்.

கேள்வி: என் நான்கு தண்டுப் பொறியமைப்பில் அடித்தண்டு 150 மி.மீ., சுழற்றும் தண்டு 60, இடைத்தண்டு 80, வெளித்தண்டு 100. சுழற்றும் தண்டு அடித்தண்டிலிருந்து ஏறக்குறைய 110 டிகிரி வரை போய் நின்றுவிடுகிறது. இணைப்புகளில் எல்லை எதுவும் வைக்கவில்லை. எந்த இணைப்பு பழுது?

பதில்: அளவுகளை எழுதி அனுப்பியதற்கு நன்றி, அதனால்தான் விடை சொல்ல முடிகிறது. பழுது இணைப்பில் இல்லை, நீளங்களில் இருக்கிறது. சுழற்றும் தண்டு 180 டிகிரிக்குத் திரும்பினால் அதன் நுனி எங்கே இருக்கும்? அடித்தண்டின் எதிர்முனையிலுள்ள ஊசியிலிருந்து 150 உடன் 60 சேர்ந்து 210 மி.மீ. தள்ளி. அந்தத் தூரத்தை எட்ட வேண்டியவை இடைத்தண்டும் வெளித்தண்டும். இரண்டையும் நேர்கோட்டில் நீட்டினாலும் 180தான் வரும். கை எட்டவில்லை. நின்ற இடத்தில் உற்றுப் பாருங்கள்: அந்த இரண்டு தண்டுகளும் ஒரே கோடாக விறைத்து நிற்கும். நான் கணக்கிட்டபோதும் 110.5 டிகிரி வந்தது. உங்கள் மென்பொருள் சரியாகத்தான் நிறுத்துகிறது.

மிகக் குட்டையான தண்டும் மிக நீளமான தண்டும் சேர்ந்து, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்டினால் எந்தத் தண்டும் முழுச் சுற்று வராது. ஜெர்மன் பொறியாளர் ஃபிரான்ஸ் கிராஷோஃப் 19ஆம் நூற்றாண்டில் கண்ட விதி இது. சுழற்றும் தண்டை 25 ஆக்கினால் 150 உடன் சேர்ந்து 175தான், 180ஐத் தாண்டாது, முழுச் சுற்று வரும். ஆனால் ஒரு கட்டத்தில் இடைத்தண்டும் வெளித்தண்டும் ஏறக்குறைய நேர்கோடாகிவிடும், அங்கே தள்ளும் விசை வீணாகும். 20 வைத்துச் சுழற்றிப் பாருங்கள். வெளித்தண்டின் வீச்சு குறையும். உங்களுக்கு எவ்வளவு வீச்சு வேண்டும் என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லையே, அதையும் எழுதுங்கள். மற்ற மூன்று நீளங்களையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.