கேன்வாஸில் பிரிண்ட் எடுத்த போட்டோ மேல் கையால் எம்பிராய்டரி போட்டால் படம் பாழாகிவிடுமா?

ஆகாது, தாராளமாகப் போடலாம். ஆனால் சட்டத்தில் அடிப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். சும்மா கேன்வாஸ் பிரிண்ட் என்று கேட்டால் பெரும்பாலும் மரச்சட்டத்தில் இழுத்து பின் அடித்தே கொடுப்பார்கள், அப்புறம் ஓரத்தில் எங்கே குத்தினாலும் பின்னால் கட்டை இடிக்கும். "சட்டம் வேண்டாம், சுருட்டிக் கொடுங்க, சுத்தி 2 இன்ச் விடுங்க, மேலே லேமினேஷனும் வேண்டாம்" என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பிளவுஸில் தப்பாகக் குத்தினால் பிரித்துவிட்டு நகத்தால் நீவிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும். இதில் அது நடக்காது, மை பிடிப்பதற்காகத் துணி மேல் ஒரு பூச்சு இருக்கிறது, ஊசி போன இடத்தில் அது உடைந்து வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். பின்பக்கத்திலிருந்து புதிதாகக் குத்தி ஏற்றினால் இன்னும் மோசம், பூச்சு மேலே பொருக்காகக் கிளம்பும். அதனால் நூல் கோர்க்காத ஊசியால் படத்தின் பக்கமிருந்தே ஓட்டைகளை முதலில் போட்டுக்கொண்டு, பிறகு அதே ஓட்டைகளில் தையுங்கள். 7 அல்லது 8ஆம் நம்பர் கூர் ஊசி, ஆங்கர் நூலில் ஆறு இழையைப் பிரித்து இரண்டு இழை, போதும். துணியை இழுத்துப் பிடிக்கிற எம்பிராய்டரி வளையம் மாட்டவே மாட்டாதீர்கள், வட்டமாகத் தடம் விழுந்துவிடும். தண்ணீரில் அழிகிற பேனாவும் வேண்டாம், சில பிரிண்டுகளில் ஈரம் பட்டால் மை கலங்கும். ஜரி நூல் என்றால் ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள், ஓட்டையில் உரசி உரசிப் பிரிந்து வரும்.

எங்கே தைப்பது என்பதுதான் பெரிய விஷயம். ஐவரி கோஸ்ட் நாட்டில் ஜோனா சுமாலி என்ற புகைப்படக் கலைஞர், 2016 மார்ச்சில் கிராண்ட் பஸாம் கடற்கரையில் தீவிரவாதத் தாக்குதல் நடந்து சில வாரங்கள் கழித்து, அந்த ஊரில் தனியாக நடந்து போகிறவர்களையும் உட்கார்ந்திருக்கிறவர்களையும் போனில் படம் எடுத்து, கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, மேலே வண்ண நூலால் தைத்தார். அந்தப் பட வரிசைக்கு 2019இல் பிரி பிக்தெ (Prix Pictet) என்ற சர்வதேசப் புகைப்படப் பரிசு கிடைத்தது. நேரம் இருந்தால் தேடிப் பாருங்கள், போட்டோவும் தெரிய வேண்டும் தையலும் தெரிய வேண்டும் என்றால் என்ன என்பது புரியும்.

வீட்டுப் படம் என்றால் முகத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், கண்ணோரம் ஒரு குத்து விழுந்தாலும் ஆளே மாறிவிடுவார். புடவைக் கரை, தலையில் மல்லிகைச் சரம், பின்னால் இருக்கிற செடி, இந்த மாதிரி இடங்கள் நன்றாக வரும். மல்லிகைக்கு வெள்ளை நூலில் பிரெஞ்சு நாட் (ஊசியில் நூலைச் சுற்றிப் போடுகிற குட்டி முடிச்சு) போடுங்கள், ஆனால் நெருக்கி நெருக்கிப் போட வேண்டாம், சட்டத்தில் இழுக்கும்போது அந்த வரிசையில்தான் கிழியும்.