பால் குடித்த வயிற்றில் பசி எங்கே இருக்கும்?

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். தேவகோட்டைப் பக்கம் இருக்கிறோம். பிறந்தபோது எடை 2 கிலோ 800 கிராம், முதல் பிறந்தநாளில் 8 கிலோ 200, இப்போது 9 கிலோ 700. முன்பெல்லாம் கிண்ணம் காலியாகும்வரை சாப்பிடுவாள். இப்போது ஒரு வாய் இட்லியை அரைமணி நேரம் கன்னத்தில் அடக்கி வைத்துவிட்டுத் துப்புகிறாள். போனைக் காட்டினால்தான் வாயே திறக்கிறாள். பால் மட்டும் பாட்டிலில் ஐந்து தடவை குடித்துவிடுகிறாள். ஓட்டத்துக்கும் சேட்டைக்கும் குறைவில்லை. தொக்கம் விழுந்திருக்கிறது, அதாவது தின்றது ஏதோ உள்ளே சிக்கிக் கிடக்கிறது, எடுத்தால் சரியாகிவிடும் என்கிறார் அவள் அப்பத்தா. மருந்துக்கடையில் பசி எடுக்க ஒரு டானிக் கொடுத்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஊட்டச்சத்துப் பவுடர் டின் வாங்கி வந்திருக்கிறார். எதைச் செய்யலாம், டாக்டர்?

பதில்: ஐந்து பாட்டில். உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்டது அதற்கு மட்டும்தான். பாட்டிலுக்கு 200 மில்லி என்றால் நாளைக்கு ஒரு லிட்டர் ஆகிறது. உங்கள் மகளின் எடைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 800 கலோரி வேண்டும். பாலும் அதில் போடும் சீனியுமாகச் சேர்ந்தே 650 கலோரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். மீதிக்கு ஒரு இட்லியும் இரண்டு கை பருப்புச் சோறும் போதும். அதைத்தான் அவள் தின்கிறாள். கணக்கு அவளுக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. பிறந்த எடையை முதல் வருஷத்தில் மூன்று மடங்காக்குகிற குழந்தை, இரண்டாம் வருஷத்தில் மொத்தமே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். உங்கள் மகள் முதல் வருஷம் 5 கிலோ 400 ஏறினாள், அதற்குப் பிறகான எட்டு மாதத்தில் ஒன்றரைக் கிலோ. வளர்கிற வேகம் குறைந்தால் பசியும் குறையத்தான் செய்யும். பத்து மாதத்தில் சாப்பிட்ட மாதிரி இப்போதும் சாப்பிட்டால் மூன்று வயதில் தூக்க ஆள் வைக்க வேண்டியிருக்கும். அதோடு நடக்கத் தெரிந்துவிட்டது. வளவில் நாலு தூணைச் சுற்றி ஓட இடம் இருக்கும்போது, ஐயாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினால் வீடே துரத்துகிறது என்று கண்டுகொண்ட பிறகு, எந்தப் பிள்ளை கிண்ணத்துக்கு முன்னால் உட்காரும்?

எடையைப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி 20 மாதப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 10.6 கிலோ. 8.4-க்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்ற பேச்சு. உங்கள் மகள் பிறந்தநாளன்று நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தாள், இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறாள். வெள்ளைக்காரக் குழந்தைக்குப் போட்ட கணக்கு நமக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அட்டவணைக்காக அளக்கப்பட்ட ஆறு நாட்டுக் குழந்தைகளில் இந்தியக் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

இந்தக் கோடு உங்கள் கையிலேயே இருக்கும். தாய்-சேய் நல அட்டையைத் திறந்து பாருங்கள், எடைக்கென்றே கட்டம் போட்ட பக்கம் உண்டு. என்னிடம் வருகிற பத்து அட்டையில் எட்டில் அந்தப் பக்கம் அச்சடித்தபடி அப்படியே வெள்ளையாக இருக்கிறது. தடுப்பூசித் தேதி மட்டும் இருக்கும். அங்கன்வாடியில் எடை போடுவார்கள், பதிவேட்டில் ஏற்றுவார்கள், செல்போனிலும் ஏற்றுவார்கள். தாயின் கையில் இருக்கிற அட்டையில் ஒரு புள்ளி வைக்க மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது. அந்தப் பணியாளரைக் குறை சொல்லவில்லை, அவர் தலையில் அத்தனை பதிவேட்டைக் கட்டியவர்களைத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. வாசலில் நாற்பது பேர் காத்திருக்கும்போது, அட்டையில் புள்ளி வைத்துப் பால் கணக்குப் பேசுவதைவிட ஒரு டானிக் எழுதுவது சுலபம். புள்ளிகள் வைத்திருந்தால் நீங்கள் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

சரி, தொக்கத்துக்கு வருவோம். அப்பத்தா மேல் கோபப்படாதீர்கள். அவர் காலத்தில் பத்து மைலுக்கு ஒரு டாக்டர்கூட இல்லை, பக்கத்து ஊரில் தொக்கம் எடுக்கிறவர் இருந்தார். என் கோபமெல்லாம் இன்றைக்கும் அதை வைத்துக் காசு பார்க்கிறவர்கள் மேல்தான். பிள்ளையைப் படுக்க வைத்து வயிற்றை நீவுவார்கள். தொண்டையில் விரலை விடுவார்கள், அல்லது குழல் வைத்து உறிஞ்சுவார்கள். கடைசியில் உள்ளங்கையில் ஒரு தேங்காய்ச் சில்லோ கறித்துண்டோ இருக்கும். ‘மூணு வாரமா உள்ளே கெடந்திருக்கு பாருங்க’ என்பார்கள். அந்தத் துண்டு அவர் வாயிலோ விரலிடுக்கிலோ முன்பே இருந்தது. தின்றது எதுவும் வயிற்றில் மூன்று வாரம் உட்காராது, சில மணி நேரத்தில் குடலுக்கு இறங்கிவிடும். உணவுக்குழாயை அடைக்கும் அளவுக்கு ஏதாவது சிக்கியிருந்தால் எச்சில்கூட உள்ளே போகாமல் வழியும். உங்கள் மகள் ஒரு லிட்டர் பால் இறக்குகிறாள்.

‘எடுத்த பிறகு நன்றாகச் சாப்பிட்டதே’ என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். எடுத்த அன்றைக்கு வயிற்றைக் காயப்போடச் சொல்லியிருப்பார்கள், பாலை நிறுத்தியிருப்பார்கள். பசி வராமல் என்ன செய்யும்? காசு வாங்காமல் பாலை நிறுத்தச் சொன்ன என்னை யாரும் கேட்பதில்லை. அண்ணத்தில் நகக்கீறலோடு, தொண்டை வீங்கி, தண்ணீர்கூட இறங்காமல் வந்த குழந்தையை நானே பார்த்திருக்கிறேன். கூட்டிப்போன ஆட்டோக்காரருக்கும் அதில் ஒரு பங்கு போயிருந்தது என்று பிறகு தெரிந்தது.

ஆனால் ஒன்று. தொக்கம் என்று எதுவும் இல்லை என்று நான் சொல்வதால், குழந்தைக்கு எதுவுமே சிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். சிக்கும். அது வயிற்றில் இல்லை, மூச்சுக்குழாயில். நம் ஊர் வீடுகளில் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். கல்யாணம், சாந்தி, தீபாவளி என்று எப்போதும் ஒரு தூக்கு நிறையப் பலகாரம் இருக்கும். சீடை, மனகோலம், பொட்டுக்கடலை. விருந்தாளி மடியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு கையில் ஒன்றைக் கொடுப்பார். இருபது மாதத்தில் முன்பல் கடிக்கும், ஆனால் அரைத்து விழுங்கும் பழக்கம் சரியாக வந்திருக்காது. சிரித்துக்கொண்டோ அழுதுகொண்டோ ஓடும்போது ஒரு வேர்க்கடலை போதும். திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள், நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். கடலை, சீடை, புளியங்கொட்டை, பொத்தான் எதுவும் கைக்கு எட்டக்கூடாது. நாலைந்து வயதுவரைக்கும் இது பொருந்தும். பொம்மைக்குள் இருக்கிற வட்ட பேட்டரியை விழுங்கினாலும் அவசரம்தான், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும்.

திடீரென்று புரையேறி இருமினால், இருமட்டும் என்று விடுங்கள், பக்கத்தில் இருங்கள். சத்தமே வராமல் முகம் நீலமானால், தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, முதுகில் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லை என்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குக் கொஞ்சம் மேலே உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து அழுத்து. மாறிமாறிச் செய்துகொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். (இது ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு, கைக்குழந்தைக்கு வயிற்றை அழுத்தக்கூடாது.) கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும்.

இதில் ஒரு பொல்லாத வகை உண்டு. புரையேறும், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும், பிள்ளை விளையாடப் போய்விடும். கடலை ஒரு பக்கத்துக் கிளையில் போய் உட்கார்ந்திருக்கும். அப்புறம் வாரக்கணக்கில் இருமல், ஒரு பக்கம் மட்டும் விசில் சத்தம், போய்ப்போய் வருகிற காய்ச்சல். சளி என்று மருந்து மேல் மருந்து ஓடும். எக்ஸ்ரேயில் கடலை தெரியாது. அந்த நேரத்தில்தான் வீட்டில் யாராவது தொக்கம் என்பார்கள், போகிற நாள் அதில் போகும். அதை எடுக்க மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட வேண்டும், அதற்கு மதுரைக்கோ திருச்சிக்கோதான் ஓட வேண்டியிருக்கிறது. ஆகவே புரையேறிய நாளை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், அவர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் மகளுக்கு இருமல் இல்லை, ஓடுகிறாள், அதனால் இந்தப் பயம் இப்போது வேண்டாம்.

டானிக். பாட்டிலைத் திருப்பி சைப்ரோஹெப்டடின் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அது அலர்ஜிக்கான பழைய மருந்து. தூக்கமும் பசியும் அதன் பக்கவிளைவு, அந்தப் பக்கவிளைவைத்தான் விற்கிறார்கள். நிறுத்தியதும் பசியும் நின்றுவிடும். இரண்டு வயதுக்குள் கொடுக்கிற மருந்தே இல்லை அது. சீட்டில்லாமல் கவுண்டரில் எடுத்துக் கொடுத்தவரிடம் இதைக் கேட்டால் ‘எல்லாருக்கும் கொடுக்கிறதுதான்’ என்பார். உண்மைதான், அதுதான் தொல்லையே.

பவுடர் டின்னில் பெரும்பாலும் பால்பொடி, சீனி, கொஞ்சம் விட்டமின். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்பவுடரையும் குழந்தை உணவையும் விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்து, 2003-ல் இறுக்கவும் பட்டது. அதனால் டி.வி.யில் வராது. பதிலாக ‘ஊட்டச்சத்து ஆலோசகர்’ என்ற பெயரில் பக்கத்து வீட்டுக்காரர் வருவார், இலவசமாக எடை பார்ப்பார், டின்னோடு உட்காருவார். அப்படி யாராவது உங்கள் முகப்பில் ஏறினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆடிக்குக் கிண்டுகிற கும்மாயத்தில் உளுந்தும் பாசிப்பருப்பும் நெய்யும் இருக்கிறது, டின்னைவிட அது எவ்வளவோ மேல். கருப்பட்டியை மட்டும் கையை அடக்கிப் போடுங்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், அதில் இரும்பு கொட்டிக் கிடக்கிறது என்பதை நம்பாதீர்கள்.

நான் உண்மையில் கவலைப்படுவது இரும்புச்சத்தைப் பற்றித்தான். பாலில் இரும்பு மிகக் குறைவு, மற்ற உணவிலிருந்து வருவதையும் அது உறிஞ்ச விடாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. இரத்தசோகை வந்தால் பசி மந்தமாகும், சில பிள்ளைகள் சுவரைச் சுரண்டித் தின்னும், பசி இல்லாததால் வீட்டில் இன்னும் ஒரு பாட்டில் பால் கொடுப்பார்கள். ஹீமோகுளோபின் ஒரு தடவை பாருங்கள். அது ஒன்று போதும். முழு உடல் பரிசோதனை, அலர்ஜிப் பட்டியல் என்று நீளமாக எழுதிக் கொடுத்தால், எதற்கு என்று கேளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. பாட்டிலை எடுத்துவிடுங்கள். ஒளிக்க வேண்டாம், அவள் கண்டுபிடித்துவிடுவாள், வீட்டைவிட்டே அனுப்புங்கள். பால் இனி டம்ளரில், சீனி இல்லாமல், சாப்பாட்டுக்குப் பிறகு, நாளைக்கு 400 மில்லி, எப்படியும் 500-ஐத் தாண்டாமல். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுண்டி. இடையில் தண்ணீர் மட்டும். முதல் மூன்று நாள் வீடு இரண்டாகும், நாலாம் நாள் இட்லியைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

தட்டில் என்ன, எப்போது என்பது உங்கள் பாடு. எவ்வளவு என்பது அவள் பாடு. அவள் கைப்பிடி அளவு சோறு ஒரு வேளைக்குத் தாராளம். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், பின்னால் ஓடாதீர்கள். போன் வேண்டாம். திரையைப் பார்த்து வாய் திறக்கிற பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. உங்களோடு பந்தியில் உட்கார வையுங்கள், அவளே அள்ளித் தின்னட்டும். பாதி தரைக்கும் கால்வாசி தலைக்கும் போகும். முதல் தடவை தன் கையால் ஒரு பருக்கையை வாயில் வைத்துவிட்டு உங்களைப் பார்த்துச் சிரிப்பாளே, அந்த நேரம் போட்டோ எடுக்காமல் சும்மா பாருங்கள். புதுக் காயைத் துப்பினால் பத்துத் தடவையாவது திரும்பத் திரும்பக் கொஞ்சமாக வைக்க வேண்டும், இரண்டு தடவையில் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டுகிறோம் நாம். முட்டை, மசித்த ஈரல், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), மீன், சைவம் என்றால் பருப்பும் முருங்கைக்கீரையும், கூடவே இரண்டு சொட்டு எலுமிச்சை. புளிப்பு இரும்பை உள்ளே இழுக்கும்.

எடை இரண்டு மாதம் தொடர்ந்து இறங்கினாலோ, அடிக்கடி வாந்தியோ பேதியோ இருந்தாலோ, முகம் வெளுத்தாலோ நேரில் கூட்டி வாருங்கள். பூச்சி மருந்து பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் கொடுப்பார்கள், இரண்டு வயதுவரை அரை மாத்திரை, பொடித்துத் தண்ணீரில். வாரம் இரண்டு தடவை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப்பும் அங்கேயே கிடைக்கும். இல்லை, தீர்ந்துவிட்டது என்றால் மறுவாரமும் போய்க் கேளுங்கள், அது உங்கள் பிள்ளைக்கு வந்த சரக்கு. அந்த ஒரு மில்லி, இரத்தசோகை வராமல் காக்கிற அளவுதான். ஹீமோகுளோபின் 10.5-க்குக் கீழே இருந்தால் தினமும் கொடுக்க வேண்டும், எடையைப் பார்த்து நாங்கள் எழுதுவோம். பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். சிரப் ஆரம்பித்ததும் மலம் கறுப்பாகப் போகும். அது மருந்தின் நிறம்தான், அதற்காக ராத்திரி பதினோரு மணிக்கு யாருக்கும் போன் செய்ய வேண்டாம்.