மாணவர் ப்ராஜெக்டா ஒரு த்ரில்லர் ஓப்பனிங் எடுத்தப்போ நீங்க நெஜமா கத்துக்கிட்டது என்ன?

கேள்வியப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா ப்ராஜெக்ட் முடிச்சப்போ இதே கேள்விக்கு "குழுவாகச் செயல்படுதல், நேர மேலாண்மை"ன்னு ரெண்டு பக்கம் அடிச்சு விட்டவன் நான். இங்க மார்க் கெடையாதுங்கறதால உள்ளதச் சொல்றேன்.

எங்களுக்குக் குடுத்த வேலை ஒரு த்ரில்லர் படத்தோட முதல் 2 நிமிஷம், டைட்டிலோட சேத்து. ஷார்ட் ஃபிலிம் இல்ல, தொடக்கம் மட்டும். நாங்க நாலு பேரு. ஒரு பொண்ணு ராத்திரி தனியா வீட்டுக்கு வர்றா, பூட்டத் தொறக்குறா, உள்ள ஏற்கனவே யாரோ இருக்காங்க, அவ்வளவுதான் கதை. புதுசா ஒண்ணும் இல்ல, ஒத்துக்கறேன். முதல்ல எழுதுன ஸ்க்ரிப்ட்ல ஃப்ளாஷ்பேக், போலீஸ், கடைசில ட்விஸ்ட்டுன்னு எல்லாமே இருந்துச்சு, அதையெல்லாம் வெட்டி எறியவே ஒரு வாரம் ஆச்சு.

எடிட் பண்ணி முடிச்ச முதல் வெர்ஷன் 3 நிமிஷம் 40 செகண்ட். அதுல பொண்ணு வர்றா, பைய வைக்கிறா, தண்ணி குடிக்கிறா, ஃபோனப் பாக்குறா, கடைசில குனிஞ்சா தரையில ஈரக் காலடி, நிமிந்தா ஒருத்தன் மூஞ்சி, டமால்னு மியூசிக். எங்களுக்குப் பயங்கரத் திருப்தி. சார் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "இதுல நான் எப்போப்பா பயப்படணும்?" கடைசில சார், அவன் மூஞ்சி வரும்போதுன்னோம். "சரி, அதுவரைக்கும் நான் என்ன பண்ணிட்டு இருக்கறது?"

பதில் இல்ல எங்ககிட்ட.

த்ரில்லர் படங்களுக்குப் பேர் போன டைரக்டர் ஹிட்ச்காக் 1962ல ஃப்ரெஞ்ச் டைரக்டர் த்ரூஃபோ கூட ஒக்காந்து பேசுனப்போ சொன்ன வெடிகுண்டு உதாரணத்த சினிமா படிக்கிறவங்க எல்லாருமே கேட்டிருப்பீங்க. ரெண்டு பேரு மேஜைல சாதாரணமா பேசிட்டு இருக்காங்க, திடீர்னு அடியில குண்டு வெடிக்குது, பாக்குறவனுக்குக் கெடைக்கிறது 15 செகண்ட் அதிர்ச்சி. அதே குண்டு அங்க இருக்குன்னு முன்னாடியே பாக்குறவனுக்குக் காட்டிட்டா அதே வெட்டிப் பேச்ச 15 நிமிஷம் அவன் நகத்தக் கடிச்சுட்டுப் பாப்பான். நாங்களும் இத க்ளாஸ்ல எழுதி வச்சிருந்தோம், பரீட்சையிலயும் எழுதினோம், ஆனா நம்ம கையில இருக்கற ஃபுட்டேஜுக்கும் இது பொருந்தும்னு நாலு பேருல ஒருத்தனுக்கும் உறைக்கல.

அன்னைக்கு ராத்திரி எடிட்டிங்ல ஒக்காந்து அந்த ஈரக் காலடி ஷாட்ட, வெறும் 3 செகண்ட், கடைசிலருந்து தூக்கி முதல் ஷாட்டா வச்சோம். இருட்டு ஹால், ஆள் இல்ல, வாசல்லருந்து உள்ரூம் பக்கமா போற வெறுங்கால் தடம், திரும்பி வந்த தடம் கெடையாது. அப்புறம்தான் வெளிய சாவி சத்தம். அதுக்கப்புறம் அவ தண்ணி குடிக்கிறத என்னால பாக்க முடியல சார், அந்த உள்ரூம் கதவுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கிறா! முன்னாடி சும்மா கெடந்த அதே ஷாட்டுதான். மூஞ்சி ஷாட்ட மொத்தமா தூக்கிட்டோம். நான் கத்துக்கிட்டதுல பாதி இந்த ஒரு வேலைதான். பாக்குறவன்கிட்டருந்து எல்லாத்தையும் மறைக்கிறதுதான் த்ரில்லர்னு நெனச்சுட்டு இருந்தேன், எத முதல்ல குடுக்கணுங்கறதுதான் வேலையே.

அந்தக் காலடிய எடுக்குறதுக்குள்ள பட்ட பாட்டத் தனியா சொல்லணும். மொதல்ல வெறும் தண்ணிதான் ஊத்தினோம். லைட் சூட்டுல முதல் டேக்ல மூணு தடம், நாலாவது டேக்ல ஒன்றரைத் தடம். அப்புறம் தண்ணில பாதிக்குப் பாதி கிளிசரின் கலந்தோம், அது சீக்கிரம் காயாது. இருந்தும் கேமரால தெரியவே இல்ல, ஏன்னா லைட் கேமரா பக்கத்துலருந்து அடிச்சுது. ஈரம்ங்கறது பளபளப்புதானே, அதனால டேபிள் லேம்ப எதிர்ப்பக்கம் தரையோட தரையா வச்சோம், அப்பதான் அஞ்சு விரலும் தெரிஞ்சுது.

இருட்டப் படம் புடிக்கிறதும் அப்படித்தான். முதல் நாள் ராத்திரி 9 மணிக்கு லைட்டெல்லாம் அணைச்சுட்டு ஐஎஸ்ஓவ (கேமரா வெளிச்சத்த எவ்வளவு தூக்கிக் காட்டணுங்கற செட்டிங்) 6400ல வச்சு எடுத்தோம், கறுப்பு இருக்கற எடமெல்லாம் பூச்சி ஊர்ற மாதிரி ஒரே புள்ளி, எல்லாம் வேஸ்ட். ரெண்டாவது தடவ சூரியன் விழுந்த ஒடனே, ஜன்னல்ல கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே எடுத்தோம், வொயிட் பேலன்ஸ (எந்த வெளிச்சத்த வெள்ளையா எடுத்துக்கணும்னு கேமராவுக்குச் சொல்ற செட்டிங்) 3200 கெல்வின்ல வச்சா ரூம் லேம்ப் சரியா தெரியும், ஜன்னல் தானா நீலமாயிடும், கொஞ்சம் எக்ஸ்போஷரக் கொறச்சா ராத்திரி ரெடி. ஆனா அந்த வெளிச்சம் கொஞ்ச நேரந்தான் நிக்கும், அதுக்குள்ள எடுக்கணும்னா எந்த ஷாட், எந்த வரிசைன்னு பேப்பர்ல இருக்கணும், ஷாட் ஷாட்டா வரைஞ்சு வைக்கிற ஸ்டோரிபோர்ட் எதுக்குன்னு அப்பதான் புரிஞ்சுது (எங்களோடது குச்சி மனுஷங்கதான், அது போதும்). இதுல எவனோ ஷட்டர் ஸ்பீட (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வெளிச்சம் விழற நேரம்) 1/80 செகண்டுல விட்டுட்டான், ட்யூப்லைட் வந்த எல்லா ஷாட்லயும் பட்டை பட்டையா ஓடுது. 50 ஹெர்ட்ஸ் கரன்ட்ல அந்த லைட் செகண்டுக்கு 100 தடவ மின்னும், அதனால 1/50 இல்லன்னா 1/100ல வச்சாத்தான் பட்டை வராது. இத நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

நடிப்பு பத்தி ஒண்ணே ஒண்ணு. நடிச்ச பொண்ணு ஒவ்வொரு டேக்லயும் கண்ண உருட்டி மூச்சு வாங்கி பயந்துட்டு இருந்தா, பாத்தா காமெடியா இருந்துச்சு. கடைசில "எதுவும் நெனைக்காத, கதவப் பாத்து மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணு, போதும்"னு சொன்னோம். அந்த வெறும் மூஞ்சிக்கு அடுத்து கதவு இடுக்க வெட்டிப் போட்டா அவ்ளோ பயம் தெரியுது. நூறு வருஷம் முன்னாடி ரஷ்ய டைரக்டர் குலேஷோவ் ஒரே மூஞ்சிய சூப் கிண்ணத்தோடயும் சவப்பெட்டியோடயும் ஒட்டிக் காமிச்சு பண்ண அதே வித்தைதான், கைல செஞ்சு பாக்கும்போது மட்டும் ஏதோ நாமளே கண்டுபிடிச்ச மாதிரி ஒரு கர்வம். ஆனா அவ எடப்பக்கம் பாக்கும்போது கதவு எந்தப் பக்கம் இருக்கணும்னு கவனிக்காம 180 டிகிரி கோட்ட, அதாவது அவளுக்கும் கதவுக்கும் நடுவுல மனசுல போட்டுக்கற கோட்ட, கேமராவோட தாண்டிட்டோம், ஒரு ஷாட்ல அவ கதவுக்கு எதிர்ப்பக்கம் பாக்குற மாதிரி ஆகி அது மட்டும் ரீஷூட்.

சவுண்ட நாங்க ஒரு வேலையாவே நெனைக்கல. கேமரா மைக்ல வந்தது முழுக்க ஃப்ரிட்ஜ் உறுமலும் எங்க மூச்சும்தான். ரீஷூட்ல ஃப்ரிட்ஜ அணைச்சுட்டு வண்டிச் சாவிய உள்ள வச்சோம், கெளம்பும்போது சாவியத் தேடினா ஃப்ரிட்ஜப் போட ஞாபகம் வரும்ல, இது சவுண்ட் ஆளுங்களோட பழைய ட்ரிக். எல்லாரும் அசையாம 30 செகண்ட் நின்னு அந்த ரூமோட சத்தத்த மட்டும் தனியா எடுத்து வச்சோம், அது இல்லாம ஒவ்வொரு கட்லயும் சத்தம் விழுந்து விழுந்து எந்திரிக்கும். சாவி பூட்டுல திரும்புற சத்தத்த துணி அலமாரிக்குள்ள தலைய விட்டு ஃபோன்ல எடுத்தேன், துணிக்கு நடுவுல எதிரொலி வராது. அந்தச் சத்தத்த காலடி ஷாட் மேலயே ரெண்டு செகண்ட் முன்னாடி ஓட விட்டோம், ஆள் வர்றதுக்கு முன்னாடியே சாவி கேக்கும். மியூசிக்க எடுத்துட்டுப் போட்டுப் பாத்தா இன்னும் நல்லா இருந்துச்சு, மியூசிக் போட்டவன் ரெண்டு நாள் என்கூட பேசல.

டைட்டில்ல கோட்ட விட்டோம். பேரு வர்றதுக்குன்னு ஃப்ரேம்ல எடம் விடாமலேயே எல்லா ஷாட்டையும் எடுத்துட்டோம், அதனால பேரெல்லாம் அவ நெத்தி மேல வந்துச்சு, அதுக்கு மார்க்கும் போச்சு, நியாயம்தான்.

ஃபைனல் வெர்ஷன் 1 நிமிஷம் 56 செகண்ட். கதை தெரியாத ஒருத்தருக்குப் போட்டுக் காட்டணும்னு என் தங்கச்சிய ஒக்கார வச்சு நாங்க ஸ்க்ரீனப் பாக்காம அவ மூஞ்சியப் பாத்தோம். தண்ணி குடிக்கிற எடத்துல கைல இருந்த ஃபோனக் கீழ வச்சா. முடிஞ்சதும் "அது யாரு காலுண்ணா"ன்னு கேட்டா. அது கேமராமேன் கால்தான், நாங்க அதுக்கு மேல கதையே எழுதல.