விருப்பப் பட்டியலும் ஒதுக்கீட்டுக் கணக்கும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் பொறியியல் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். மனத்துக்குப் பிடித்த கல்லூரியை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால் அடுத்ததும் கைநழுவிவிடும், அதனால் நிச்சயம் கிடைக்கும் கல்லூரியை முதலில் போடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: வேண்டாம். தங்கள் மகள் தன் மனத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுதட்டும். கலந்தாய்வில் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவருடைய பட்டியலின் முதல் வரியில் உள்ள இடம் காலியாக இருக்கிறதா என்று கணினி பார்க்கிறது. இல்லையென்றால் இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் இறங்குகிறது. அவளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மாணவர், அவள் ஐந்தாவதாக எழுதிய கல்லூரியைத் தன் முதல் விருப்பமாக எழுதியிருந்தாலும், அந்தக் காரணத்துக்காக அவளை முந்திவிட முடியாது. நட்டம் வருவதெல்லாம் பட்டியலைப் பத்துப் பதினைந்து வரிகளோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்குத்தான்.

ஆனால் அக்கம்பக்கத்தாரின் அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன், ஏனென்றால் அந்த அச்சம் முற்றிலும் நியாயமாக இருந்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் 2005 வரை இருந்த முறை, ஒரு பள்ளியை முதலில் எழுதிய குழந்தைகளுக்கெல்லாம் இடம் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் அதை இரண்டாவதாக எழுதியவர்களைப் பார்த்தது. விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசிக் கணக்குப் போட்டு எழுதினார்கள். தெரியாதவர்கள் உண்மையை எழுதி இடத்தை இழந்தார்கள். பொருளியல் ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு அந்த நகரம் முறையை மாற்றியது. இங்கிலாந்தில் முதல் விருப்பத்துக்கு இப்படி முன்னுரிமை தருவதையே 2007ஆம் ஆண்டின் பள்ளிச் சேர்க்கை விதித்தொகுப்பு தடை செய்தது.

பாஸ்டன் ஏற்றுக்கொண்ட புதிய முறைக்கு வேர், டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணிதவியலாளர்கள் 1962இல் எழுதிய ஏழு பக்கக் கட்டுரை. கல்லூரி தன்னிடம் வந்த விண்ணப்பத்தை உடனே உறுதி செய்யாமல் கையில் நிறுத்தி வைக்கட்டும், அதைவிடத் தகுதியான விண்ணப்பம் வந்தால் முந்தையதை விடுவிக்கட்டும், விடுவிக்கப்பட்டவர் தன் அடுத்த விருப்பத்துக்குப் போகட்டும் என்பதே அவர்கள் சொன்ன வழி. அதில் ஒரு சமன்பாடுகூடக் கிடையாது; பேச்சு மொழியிலேயே நிரூபணம் முடிந்துவிடும். இந்த முறையில் உண்மையான விருப்பத்தை எழுதுவதைவிட நல்ல உத்தி மாணவருக்கு இல்லை என்பதை 1981இல் டூபின்ஸ், ஃபிரீட்மன் இருவரும் நிறுவினார்கள். எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே தரவரிசைதான் என்றால், இந்த வழியும் நம் ஊரில் ஒவ்வொருவராக அழைக்கும் வழியும் ஒரே விடையைத் தருகின்றன.

கேள்வி: இட ஒதுக்கீட்டு வழக்குகளைப் பற்றிக் கணிதவியலாளர்களும் பொருளியலாளர்களும் ஆய்வுக் கட்டுரை எழுதுவதாகப் படித்தேன். சட்டத்தில் இவர்களுக்கு என்ன வேலை?
– ஒரு வாசகர், தேனி

பதில்: நிறைய வேலை இருக்கிறது. சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டைச் செங்குத்து ஒதுக்கீடு என்றும், அதன் குறுக்காக எல்லாப் பிரிவுகளிலும் ஓடும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கான ஒதுக்கீட்டைக் கிடைமட்ட ஒதுக்கீடு என்றும் உச்ச நீதிமன்றம் 1992இன் இந்திரா சாஹ்னி தீர்ப்பிலேயே பிரித்துவிட்டது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் யாரை முதலில் எண்ணுவது என்பதுதான் சிக்கல்.

ராஜேஷ் குமார் தாரியா வழக்கில் 2007இல் நீதிமன்றம் ஒரு கணக்கையே போட்டுக் காட்டியது. பட்டியல் சாதியினருக்கு 19 இடங்கள், அவற்றில் பெண்களுக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மதிப்பெண் வரிசையில் 19 பேரை எழுத வேண்டும். அதற்குள் 4 பெண்கள் இருந்தால் பட்டியலைத் தொடவே வேண்டாம். 2 பெண்கள்தான் இருந்தால், அடுத்து வரும் 2 பெண்களைச் சேர்த்து, அடியில் இருக்கும் இருவரை நீக்க வேண்டும். அதாவது இந்த ஒதுக்கீடு குறைந்தபட்ச உத்தரவாதமே தவிர, தகுதியால் வந்தவர்களுக்கு மேல் தனியாக ஏறும் கூடுதல் அல்ல.

இந்த ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள். 200 இடங்களில் 7.5 விழுக்காடு ஒரு பிரிவினருக்கு என்றால் 15 இடங்கள். அந்தப் பிரிவைச் சேர்ந்த 10 பேர் ஏற்கெனவே தகுதியால் உள்ளே வந்திருந்தால், குறைந்தபட்ச உத்தரவாதம் இன்னும் 5 பேரைச் சேர்க்கும். தனிக் கூடுதல் இன்னும் 15 பேரைச் சேர்க்கும். சட்டத்தில் எழுதியிருக்கும் விழுக்காடு இரண்டிலும் ஒன்றுதான், வித்தியாசம் பத்துக் குடும்பங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழ்நாடு 2020இல் மருத்துவப் படிப்பிலும் 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கிய செயலை நான் மனமார வரவேற்கிறேன். அதனாலேயே எந்த ஒதுக்கீட்டிலும் எண்ணும் படிகள் ஒவ்வொன்றும் ஊரறிய எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இன்னும் நுட்பமான குறை ஒன்று பல ஆண்டுகள் நீடித்தது. பொதுப்போட்டியில் 3 இடங்கள், அதில் ஒன்று பெண்ணுக்கு. பிற்படுத்தப்பட்டோருக்கு 2 இடங்கள். பொதுப்போட்டியின் முதல் மூவரும் ஆண்கள், 97, 96, 95. பிற்படுத்தப்பட்டோரின் 2 இடங்களுக்கு 92, 91 எடுத்த ஆண்கள் வருகிறார்கள். மிச்சம் இருவர்: 90 எடுத்த பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண், 86 எடுத்த, எந்த ஒதுக்கீட்டிலும் வராத பெண். பொதுப்போட்டியின் பெண்ணிடத்தை யாருக்குக் கொடுப்பது? ஒதுக்கீட்டில் வராதவருக்கு மட்டுமே என்று சில அரசுகள் எண்ணியதால், 86 உள்ளே போய் 90 வெளியே நின்றது. அந்தப் பெண் தன் சாதிச் சான்றிதழைக் காட்டாமல் இருந்திருந்தால் இடம் கிடைத்திருக்கும்! துணையாக இருக்க வந்த சட்டமே காலை வாரிவிடும் இந்த நிலையை, உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வு பற்றிய சௌரவ் யாதவ் வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. பொதுப்போட்டி இடம் எல்லோருக்கும் பொது, அங்கே மதிப்பெண்ணே அளவுகோல் என்று அது தெளிவாகச் சொன்னது.

தைஃபுன் சொன்மெஸ், புமின் யென்மெஸ் என்ற பொருளியலாளர்கள் இதே சிக்கலைக் கணித நிபந்தனைகளாக எழுதி, குறைந்த மதிப்பெண்காரர் உள்ளே இருக்க, அதே இடத்துக்கு உரிமையுள்ள கூடிய மதிப்பெண்காரர் வெளியே நிற்கக் கூடாது என்ற கோரிக்கையிலிருந்து தொடங்கி, நீதிமன்றம் வந்துசேர்ந்த அதே விதியில் போய் நின்றார்கள். அவர்கள் கட்டுரை 2022இல் எகானமெட்ரிகா இதழில் வெளிவந்தது. நீதிபதி நியாயத்திலிருந்தும் ஆய்வாளர் நிரூபணத்திலிருந்தும் புறப்பட்டு ஒரே இடத்துக்கு வந்தது எனக்கு இன்னும் வியப்பைத் தருகிறது.

கேள்வி: காசு பணம் கைமாறாத இந்த ஆய்வுக்குப் பொருளாதார நோபல் எதற்கு?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: விலை வைக்க முடியாத, வைக்கக் கூடாத பண்டங்களையும் சமூகம் பகிர்ந்துகொடுத்தாக வேண்டும். கல்லூரி இடம் அப்படிப்பட்டது, சிறுநீரகமும் அப்படிப்பட்டது. உறுப்பு விற்பனையை நம் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, ஆனால் நோயாளியும் அவருக்குக் கொடுக்க முன்வந்த உறவினரும் பொருந்தாத இரு இணைகள் தங்களுக்குள் கொடையை மாற்றிக்கொள்ள 2011இன் திருத்தம் வழிவிட்டது. யாரை யாரோடு பொருத்துவது என்பதற்குக் கணக்கு வேண்டும். மருத்துவப் பயிற்சி இடங்களிலும் பள்ளிச் சேர்க்கையிலும் சிறுநீரக மாற்றிலும் இந்தக் கணக்கைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012இல் அந்தப் பரிசு கிடைத்தது. கேல் 2008லேயே மறைந்துவிட்டார்.

கேள்வி: நான் இளங்கலைக் கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இத்துறையில் ஆய்வு செய்ய விரும்பினால் எங்கே தொடங்குவது?
– ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் அளவுசார் பொருளியல் முதுகலை இருக்கிறது, நுழைவுத் தேர்வில் கணிதம் முக்கியம், அதற்குத் தாங்கள் ஏற்கெனவே பாதி தயாராக இருக்கிறீர்கள். அதற்கு முன், தாரியா தீர்ப்பைத் தேடி எடுத்து, அந்த 19 இடங்களின் கணக்கை ஒரு தாளில் தாங்களே போட்டுப் பாருங்கள். பிறகு பெண்களின் எண்ணிக்கையை 2இலிருந்து 3ஆக மாற்றி, யார் வெளியேறுகிறார் என்று எழுதிப் பாருங்கள்.