சிங்களப் பாடம், தமிழ்ப் பிள்ளை: பக்கத்துக்கு எந்த மொழி?

கொக்குவிலில் இருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பிக்கும் இணையத்தளம் வைத்திருக்கிறேன். பக்கத்தில் தமிழும் சிங்களமும் கலந்திருக்கும். எந்த மொழி என்று குறிப்பது? தளம் செய்து தந்தவர், கூகுளில் 'தமிழ்' என்று பதிய 25 ஆயிரம் ரூபாய் கேட்கிறார்."

முதலில் காசு. ஒரு சதமும் கொடுக்காதீர்கள் அம்மா. அப்படி ஒரு பதிவே இல்லை. கண்ணுக்குத் தெரியும் எழுத்தைப் பார்த்துத்தான் கூகுள் பக்கத்தின் மொழியை அறிகிறது. இல்லாத கதவுக்குத் திறப்பு விற்பவர்கள் யாழ்ப்பாணத்தில் பெருகிவிட்டார்கள்.

சரி, உங்கள் கேள்வி. பக்கத்தில் என்ன மொழி இருக்கிறது என்பது ஒன்று, அது யாருக்காக என்பது வேறொன்று. விளக்கம் தமிழில், வாசிப்பவர் தமிழ்ப் பிள்ளை. ஆகவே பக்கத்தை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் தொடங்கும் வரியில் 'லாங்' என்ற இடத்தில் தமிழுக்கு டி, ஏ என்ற இரண்டு எழுத்து. நடுவில் வரும் சிங்கள வாக்கியத்துக்கு மட்டும் எஸ், ஐ. பார்வையற்ற பிள்ளைக்குத் திரைவாசிப்பான் அந்தக் குறியைப் பார்த்துத்தான் குரலை மாற்றும்.

தளம் இருக்கும் கணினியான சேவையகம், பக்கத்தோடு சேர்த்துத் திரையில் தெரியாமல் அனுப்பும் 'கன்டென்ட் லாங்குவேஜ்' என்ற தலைப்பு வரி, பக்கம் யாருக்கானது என்று சொல்வது. பலர் இதில்தான் தவறுகிறார்கள். இரண்டு மொழியும் இருக்கிறதே என்று இரண்டையும் போடாதீர்கள். இணையப் பக்கங்களை அனுப்பிப் பெறுவதற்கான எச்டிடிபி விதியே இதற்கு உதாரணம் தருகிறது: ஆங்கிலம் தெரிந்தவருக்கான லத்தீன் முதற்பாடத்துக்கு ஆங்கிலம் மட்டும்தான் குறிக்க வேண்டும். உங்கள் பாடமும் அதே வகை, தமிழ் மட்டும் போதும். ஒரே அறிவித்தலைத் தமிழருக்குத் தமிழிலும் சிங்களவருக்குச் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் போட்டால் மட்டும் இரண்டையும் எழுதலாம். நியூசிலாந்தின் வைதாங்கி ஒப்பந்தத்தை மாவோரியிலும் ஆங்கிலத்திலும் சேர்த்து வெளியிடுவதுபோல. அங்கே வாசகர் இரு கூட்டம். உங்களிடம் ஒரே கூட்டம்.

மொழிக் குறியோடு நாட்டையும் சேர்க்கச் சொன்னால் இலங்கைக்கு எல்.கே. சிலர் எஸ்.எல். என்று போட்டுவிடுவார்கள், அது சியரா லியோன். உங்களுக்கு நாடு தேவையே இல்லை.

இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். பழைய பாடங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவையா? பாமினியில் 'அம்மா' என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்து. அதற்கு மேலே தமிழ் என்று எழுதினாலும் தேடலில் வராது, வாசிப்பானும் உளறும். முதலில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சி மொழியாக்கியது. நான் போன மாதம் திறந்த ஓர் அரச பக்கம் முழுக்கத் தமிழ். உள்ளே குறி ஆங்கிலம். வாங்கிய வார்ப்புருவை அப்படியே விட்டிருக்கிறார்கள். இத்தனை ஆண்டு கழித்தும் இரண்டு எழுத்தை மாற்ற ஆளில்லை என்றால் எரிச்சல் வராதா?

உங்கள் பக்கத்தைக் கணினியில் திறந்து, கன்ட்ரோலையும் யூவையும் சேர்த்து அழுத்துங்கள். மேலே இரண்டு மூன்று வரிக்குள் 'லாங்' தெரியும். அங்கே ஈ, என் என்று இருந்தால், செய்து தந்தவரையே மாற்றித்தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.