டீச்சரிடம் கேளுங்கள்: வாசலில் வந்து நிற்பவர்கள்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவை "ஏய் மீனு" என்று கூப்பிடுகிறான். தெருநாயைக் கண்டால் கல்லை எடுக்கிறான். இரக்கத்தைப் பற்றி எத்தனையோ கதைகள் சொல்லிவிட்டேன், அடித்தும் பார்த்துவிட்டேன். இந்த முரட்டுக் குணம் எங்கிருந்து வந்தது?
- ஒரு தாய், தக்கலை

பதில்: இரக்கம் வர வேண்டும் என்று அவனை நீங்கள் அடிக்கிறீர்கள். நாயை அவன் அடிக்கிறான். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள் மகளே.

அந்த அம்மாவை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள்? கடிதத்தில் அது இல்லை. ஆயுளில் பெரும்பகுதியைச் சின்ன வகுப்புகளில் கழித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், ஆறு வயதில் "ஏய்" தானாக முளைக்காது. கூடையை இறக்கி வைத்ததும் சாளையின் செவுளைத் தூக்கிப் பார்ப்போம். "இது நேற்றைய மீன்" என்போம். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்போம். கடையில் ஷாம்பு வாங்கும்போது இந்த வாய் நமக்கு எங்கே போகிறதோ தெரியாது! பையன் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரிடம் குரலை உயர்த்தலாம், யாரிடம் தாழ்த்த வேண்டும் என்ற கணக்கை அங்கேதான் கற்றுக்கொள்கிறான். அதற்குப் பிறகு நீங்கள் இரவில் சொல்லும் கதை என்ன செய்யும்?

பேரம் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லை, நானும் பேசுகிறவள்தான். ஆனால் அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட மூத்தவர் என்றால் மகனுக்கு அவர் பாட்டி, இளையவர் என்றால் சித்தி. தலையிலிருந்து கூடையை இறக்க ஒரு கை கொடுங்கள். குடிக்கத் தண்ணீரை மகன் கையில் கொடுத்தனுப்புங்கள். வீட்டில் எல்லோரும் குடிக்கும் செம்பில்தான். பின்வாசலில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் தம்ளரில் அல்ல. (அப்படி ஒரு தம்ளர் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பார்த்திருக்கிறேன்.)

நாலு நாள் பழகினால் அவனே கேட்கத் தொடங்குவான். சொல்லுங்கள்: குளச்சலிலோ முட்டத்திலோ கரையில் ஏலம் எடுத்தால்தான் அவருக்கு மீன். கைக்காசு போதாமல் கடன் வாங்கி எடுப்பவர்களும் உண்டு. விற்காமல் மிஞ்சினால் ஐஸ் வாங்கிப் போட வேண்டும், மறுநாள் விலையும் இறங்கிவிடும். "நேற்றைய மீன்" என்றதும் அவர் முகம் ஏன் சுருங்குகிறது என்று அவனுக்கு விளங்கும். இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு ஒக்கியைச் சொல்லலாம். 2017 நவம்பர் கடைசியில் அடித்த அந்தப் புயலில் நம் பக்கத்தில் ரப்பரும் வாழையும் சாய்ந்தன. கடலுக்குப் போன ஆட்களில் பலர் கரைக்குத் திரும்பவே இல்லை. நாமோ எத்தனை நாள் கரண்டு இல்லாமல் கிடந்தோம் என்பதைத்தான் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்.

இனி நாய். கையிலிருக்கும் கல்லை வாங்கிப் போட்டுவிட்டு நாய் படும் பாட்டைச் சொல்லுங்கள். "நல்ல பிள்ளை இப்படிச் செய்வானா?" என்றால் அவன் தன்னைப் பற்றித்தான் யோசிப்பான். "அது நொண்டுவதைப் பார், இன்றைக்கு எப்படி இரை தேடும்?" என்றால் நாயைப் பார்ப்பான். பயத்தில் கல் எடுக்கிறானா என்றும் கவனியுங்கள். பயந்த பிள்ளைதான் பெரும்பாலும் முதலில் எறியும். இரக்கம் காட்டச் சொல்லித் தெருநாயைத் தடவ விட்டுவிடாதீர்கள். ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்துவிட்டு விலகி நிற்கட்டும், போதும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

கேள்வி: பாட்டாவுக்கு (என் அப்பாவுக்கு) செருப்பு எடுத்துக் கொடுத்தால், தம்பிக்குப் பொம்மையை விட்டுக் கொடுத்தால் மகளின் உண்டியலில் ஐந்து ரூபாய் போடுகிறேன். நல்ல பலன் தெரிகிறது. தொடரலாமா?
- ஒரு தந்தை, மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 20 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை ஒன்று 2008இல் வெளியானது. பெரியவர் கைதவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுத்த குழந்தைகளில் சிலருக்குப் பரிசு, சிலருக்குப் பாராட்டு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு பரிசை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். பாட்டாவின் செருப்புக்கு விலை போட்டது நீங்கள், பிள்ளை கேட்கவில்லை. சத்தமில்லாமல் நிறுத்திவிடுங்கள். உண்டியலில் சேர்ந்தது அவள் காசு, அதில் கைவைக்காதீர்கள்.

கேள்வி: மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, டிபனில் பாதியைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறாள். மருமகள் திட்டுகிறாள். "யார் வீட்டுப் பிள்ளை அது?" என்று நான் கேட்டதற்குப் பேத்தி என்னிடமும் முகம் கொடுக்கவில்லை. என்ன செய்வது?
- ஒரு பாட்டி, குலசேகரம்

பதில்: அம்மா, முதலில் ஒன்று தெரிய வேண்டும். அவள் கொடுக்கிறாளா, அந்தப் பிள்ளை மிரட்டிப் பறிக்கிறதா? டிபன் பேச்சை எடுத்தால் பேத்தி வாயை மூடிக்கொண்டாலோ, பள்ளிக்கூடம் போக முரண்டு பிடித்தாலோ வகுப்பு டீச்சரைப் பாருங்கள். சந்தோஷமாகத்தான் கொடுக்கிறாள் என்றால் இரண்டு இட்லி கூடுதலாக வைத்தால் தீர்ந்தது. அந்தப் பிள்ளையின் பெற்றோர் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களாக இருக்கலாம். உங்கள் ஊரில் அப்படிப்பட்ட வீடுகளுக்கா பஞ்சம்?

"யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டீர்களே, நம் குமரி ஜில்லாவில் அந்தக் கேள்விக்குள் என்ன சாதிக் கணக்கு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எட்டு வயதுப் பேத்திக்கும் தெரிந்துவிட்டது, அதனால்தான் முகம் திருப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சுவாமித்தோப்புக்கு அழைத்துப் போய் முத்திரிக்கிணற்றைக் காட்டுங்கள். ஒருவர் தொட்ட தண்ணீரை இன்னொருவர் தொடாத காலத்தில், எல்லாச் சாதியாரும் அங்கே ஒரே கிணற்றுத் தண்ணீரை எடுக்க வைத்தார் ஐயா வைகுண்டர். பஸ்ஸில் போகும்போது அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேளுங்கள்: பெயர் என்ன, என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்று. எந்த வீடு என்று மட்டும் கேட்காதீர்கள்.

மருமகளிடம் டீச்சர் சொன்னதாகச் சொல்ல வேண்டாம், சண்டை பெரிதாகும். நாளைக் காலையில் நீங்களே எழுந்து அந்த இரண்டு இட்லியையும் டப்பாவில் வைத்துவிடுங்கள். சட்னியும் சேர்த்துத்தான்.